நெட்டியைத் தந்தமாக்கிய படம்

காலையில் போனைத் திறந்தால் நீங்கள் அனுப்பிய படங்கள்தான் முதலில் வந்து விழுகின்றன. "எப்படி இருக்கு சார்?" என்று கீழே ஒரு வரி. நான் ஸ்டூடியோவை மூடிவிட்டு, கேமராவைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு வீட்டில் கிடக்கிற ஆள். கைவினைப் பொருட்களைப் படமெடுத்து இணையத்தில் போடுகிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் என்னை எதற்குச் சேர்த்தீர்கள் என்று தெரியவில்லை. சேர்த்துவிட்டீர்கள். இனி என் வாயில் விழாமல் உங்களால் தப்பிக்க முடியாது.

முதலில் ஒரு சந்தேகம். தலையாட்டி பொம்மைக்குப் பக்கத்தில் காபிக் கோப்பை எதற்கு? அதற்குப் பக்கத்தில் பாதி திறந்த ஒரு இங்கிலீஷ் புத்தகம், சுற்றிலும் ரோஜா இதழ்கள். பொம்மை காபி குடித்துவிட்டுப் படிக்கப்போகிறதா? கோரைப் பாயை எடுத்த தங்கை அதன் மேல் ஒரு பூனையைப் படுக்கவைத்திருக்கிறார். பூனை நன்றாக இருக்கிறது. பாய் என்ன நிறம் என்பதை மூன்று முறை பெரிதாக்கிப் பார்த்தும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. இன்னொருவர் திருபுவனம் பட்டுக்கு ஏதோ ஃபில்டர் போட்டிருக்கிறார். அரக்குச் சேலை கத்தரிப்பூ நிறத்தில் வந்து நிற்கிறது. வாங்குகிற அம்மா பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டு நெசவாளியைத்தான் திட்டுவார், உங்களை அல்ல.

குத்துவிளக்கு எடுத்த தம்பிக்குத் தனியாகச் சொல்கிறேன். துலக்கிய பித்தளையில் எல்லாம் தெரியும். உங்கள் விளக்கின் தண்டில் நீங்கள் இருக்கிறீர்கள், உங்கள் டிரைபாட் இருக்கிறது, பின்னால் தலையில் துண்டு கட்டிக்கொண்டு பட்டறைக்காரர் நிற்கிறார். மற்றவர்கள் சிரிக்க வேண்டாம், நானும் இதைச் செய்தவன்தான். ஆளுயர விளக்கு ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். வாங்க நினைத்த அம்மா கடைக்காரருக்குப் போன் செய்து, "விளக்கு நல்லாருக்குங்க. உள்ள ஒருத்தர் வாயத் தொறந்துகிட்டு நிக்கிறாரே, அவரு யாரு?" என்று கேட்டிருக்கிறார். நான்தான் அது. விளக்கைச் சுற்றி வெள்ளை வேட்டியைக் கட்டி, அதில் ஓட்டை போட்டு, அந்த ஓட்டை வழியாக எடுக்க வேண்டும் என்று அதற்குப் பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது.

அது சிரித்துவிட்டுப் போகிற தப்பு. நான் செய்த இன்னொரு தப்பை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. ஸ்டூடியோவை மூடுவதற்கு முந்தைய வருஷம் நடந்தது. அதைச் சொல்லத்தான் இன்று உட்கார்ந்தேன். காபிக் கோப்பைக்காரர்கள் கொஞ்சம் கவனித்துப் படிக்கவும்.

நெட்டி வேலை என்றால் என்னவென்று தெரியாதவர்கள் உங்களில் இருக்கலாம். நெட்டி என்பது ஏரி குளங்களில் வளரும் ஒரு செடி. அதன் தண்டை உலர்த்தி மேல்தோலைச் சீவினால் உள்ளே வெள்ளை வெளேரென்று, மெத்தென்று இருக்கும். எங்கள் பக்கத்தில் மாட்டுப் பொங்கலுக்கு மாட்டின் கழுத்தில் கட்டும் மாலை அதில் செய்ததுதான். தஞ்சாவூரில் அதையே மெல்லிய கத்தியால் செதுக்கி, துண்டு துண்டாக ஒட்டி, கோபுரம், சாமி உருவம், யானை, பல்லக்கு என்று செய்கிறார்கள். கையில் வாங்கினால் கனமே இருக்காது. முதன்முதலில் வாங்கிப் பார்க்கிறவர்கள், பெரிய சாமான் என்று நினைத்துத் தேவைக்கு மேல் பலம் கொடுத்துத் தூக்கிவிட்டு, பிறகு அசடு வழிவார்கள்.

மல்லிகா அப்படி ஒரு நெட்டிப் பட்டறையில் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தவர். சொந்த ஊர் குடவாசலுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பா அம்மா இருவரும் வயல் வேலை செய்தவர்கள். கணவர் சேகர் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். இடுப்பு வலி வந்து ஓட்டமுடியாமல் போனதும், இருவரும் ஊருக்கே திரும்பி, வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, சொந்தமாகச் செய்ய ஆரம்பித்தார்கள். தெரிந்தவர்களுக்குப் போனில் படம் அனுப்பி விற்றார்கள். நன்றாகவே போனது. அப்போதுதான் ஒரு பெரிய இணையச் சந்தை அவருக்குக் கடை கொடுத்தது. நவராத்திரிக் கொலுவுக்கு வெளிநாட்டுத் தமிழர்கள் வாங்குவார்கள் என்ற கணக்கில் மல்லிகா துணிந்து இறங்கினார். ஊரிலிருந்த நாலு பெண்களுக்கு வேலை கற்றுக்கொடுத்துக் கூட வைத்துக்கொண்டார்.

அந்த நாலு பெண்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் மீதி புரியாது. அவர்கள் ஒரே நடவு செட்டு. வருஷா வருஷம் சேர்ந்து நாற்று நடப் போகிறவர்கள். அந்த ஆவணியில், சம்பா நடவுக்கு ஆள் கேட்டு வந்த பண்ணைக்காரரிடம் "இந்த வருஷம் வரலீங்க" என்று சொல்லிவிட்டு மல்லிகாவை நம்பிக் கொட்டகைக்கு வந்திருந்தார்கள். நடவுக்கு ஒருமுறை வரமாட்டேன் என்றால் அதோடு சரி. அடுத்த வருஷம் அந்த வயலில் நடவு மிஷின் நிற்கும். மல்லிகாவின் கடை விழுந்தால் அவர்களுக்கு அதுவும் இல்லை, இதுவும் இல்லை. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பார்கள். நான் படமெடுக்கப் போனவன், கேட்கவில்லை.

சந்தைக்காரர்கள் கடை கொடுக்கும்போது, படங்கள் தொழில்முறையில் இருக்கவேண்டும் என்று நிபந்தனை போட்டிருந்தார்கள். அதனால் தஞ்சாவூரில் விசாரித்து என்னிடம் வந்தார்கள். காரில் லைட்டெல்லாம் ஏற்றிக்கொண்டு கும்பகோணம் வழியாகப் போனேன். வெயில், புழுதி, பாலம் வேலை, இரண்டு இடத்தில் சுற்றுவழி. போய்ச் சேரும்போதே நான் பேசுகிற நிலைமையில் இல்லை. மல்லிகா தன் போனில் எடுத்துவைத்திருந்த பழைய படங்களைக் காட்டினார். உள்ளங்கையில் ஒரு யானை, பின்னால் கேஸ் சிலிண்டர், ஓரத்தில் சேகரின் லுங்கி.

"யானைய விக்கிறீங்களா, சிலிண்டர விக்கிறீங்களா?" என்றேன்.

"எவ்வளவு பெருசுன்னு தெரியணும்ல சார். கையில வச்சா புரிஞ்சுக்குவாங்க. எனக்காக ஒன்னு மட்டும் கையில வச்சு எடுங்களேன்."

"அளவக் கீழ எழுதிக்கலாம். நகத்துலெல்லாம் பசை ஒட்டியிருக்கு. இதப் பாத்துட்டு யாரும்மா வாங்குவா?"

அவர் கையைப் புடவைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டார். நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு லைட்டைப் பொருத்தப் போய்விட்டேன்.

கொட்டகையைக் காலி செய்யச் சொன்னேன். பிளாஸ்டிக் நாற்காலி, சீவிப்போட்ட நெட்டித் தோல், பசைக் கிண்ணம், டீ டம்ளர் எல்லாம் வெளியே போயின. அந்த நாலு பெண்களும் வேப்பமரத்தடியில் போய் நின்றுகொண்டார்கள். மேஜை மேல் கறுப்பு வெல்வெட் விரித்தேன். ஒரே ஒரு லைட்டைப் பக்கவாட்டில் வைத்து, அதன் முன்னால் இளமஞ்சள் தாளை மாட்டினேன். கேமராவைத் தாழ்வாக வைத்து, யானையை அண்ணாந்து பார்ப்பதுபோல எடுத்தேன். அம்பாரி வைத்த யானை. ஒரு சாண்தான் இருக்கும். படத்தில் அது ஏதோ அரண்மனைக் கஜானாவிலிருந்து எடுத்துவந்ததுபோல நின்றது. நிழல் அவ்வளவு அழகாக விழுந்திருந்தது. நான் எடுத்ததிலேயே இதுதான் உசத்தி என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது பார்த்தாலும் அது அழகான படம்தான். அதுதான் எனக்கு எரிச்சல்.

படம் ஏறிய வாரமே ஆர்டர் வந்து குவிந்தது. மல்லிகா போன் செய்து சந்தோஷமாகப் பேசினார். நான் அந்த யானைப் படத்தை என் ஸ்டூடியோ வாசலில் பெரிதாக மாட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை மறுபடி போன் வந்தது.

"சார், கடைய மூடிட்டாங்க சார்."

"எந்தக் கடைய?"

"நம்ம கடையத்தான் சார். என்னமோ இங்கிலீஷ்ல வந்திருக்கு. தந்தம் விக்கிறோமாம்."

கடிதத்தை எனக்கு அனுப்பினார். விலங்கின் தந்தத்தால் செய்த பொருளை விற்பது தடை செய்யப்பட்டது, எனவே கடை நிறுத்தி வைக்கப்படுகிறது, ஐந்து நாளுக்குள் தக்க ஆதாரம் தராவிட்டால் நிரந்தரமாக மூடப்படும், இதுவரை வந்த ஆர்டர்கள் ரத்து. கீழே என் யானைப் படம். யாரோ பார்த்துவிட்டுப் புகார் கொடுத்திருக்கிறார்கள்.

நான் முதலில் சிரித்தேன். மாட்டுக்குக் கட்டுகிற நெட்டியைத் தந்தம் என்கிறானே என்று என் மனைவியிடம் சொல்லிச் சிரித்தேன். பிறகு கோபம் வந்தது. படத்தைப் பாதி மிஷின் பார்க்கிறது, பாதி மனுஷன் பார்க்கிறான், எவனுக்கும் எதுவும் தெரியாது, கும்பகோணம் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாதவன் எங்கள் ஊர்ச் சாமானைப் பற்றித் தீர்ப்புச் சொல்கிறான் என்று வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். "நீங்க கவலப்படாதீங்க, பதில் நான் எழுதறேன்" என்று மல்லிகாவிடம் சொல்லிவிட்டு, இரண்டு பக்கத்துக்கு இங்கிலீஷில் எழுதினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். இதைப் பார்த்தாலாவது வேலைப்பாடு புரியட்டும் என்று, அதே யானையை மிக நெருக்கத்தில் எடுத்த நாலு படங்களையும் சேர்த்து அனுப்பினேன். காது மடிப்பு, நகம், அம்பாரியின் தொங்கல் எல்லாம் அதில் தெளிவாக இருந்தன.

மறுநாள் ஒரே வரியில் பதில் வந்தது. நீங்கள் அனுப்பியுள்ள கூடுதல் படங்கள் எங்கள் முடிவை உறுதி செய்கின்றன.

அதைப் படித்துவிட்டுக் கம்ப்யூட்டரில் அந்தப் படத்தைப் பெரிதாக்கி, நெட்டி என்ற வார்த்தையையே காதில் கேட்டிராத ஒருவன் பார்ப்பதுபோலப் பார்த்தேன். மஞ்சள் கலந்த வெளுப்பு. வழவழப்பு. மெல்லிய ரேகை. கறுப்பு வெல்வெட். அண்ணாந்து பார்க்கிற உருவம். கனம். ஆமாம், கனம்தான். ஊதினால் நகர்ந்துவிடும் ஒரு சாமானுக்கு என் லைட் அவ்வளவு கனத்தை ஏற்றியிருந்தது. தந்தம் என்று அவன் சொன்னதில் தப்பே இல்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். நெட்டியாக இருப்பதற்கான அடையாளம் ஒன்றுகூட அந்தப் படத்தில் இல்லை. இருந்ததையெல்லாம் நான்தான் வெளியே எடுத்துப்போட்டிருந்தேன்.

மூன்று நாள் மிச்சம். அதில் ஒன்று ஞாயிற்றுக்கிழமை. திங்கட்கிழமை காலை நானும் சேகரும், இது தந்தம் இல்லை என்று ஒரு சான்றிதழ் வாங்க யானையையும் எடுத்துக்கொண்டு அலைந்தோம். ஓர் அலுவலகத்தில், பெரியவர் மீட்டிங்கில் இருக்கிறார், மனு கொடுத்துவிட்டுப் போங்கள், பத்து நாளில் கடிதம் வரும் என்றார்கள். இன்னோர் அலுவலகத்தில் இருந்தவர் யானையைக் கையில் வாங்கிப் பார்த்தார். நல்ல மனுஷர். "தந்தமா இருந்தா தந்தம்னு எழுதித் தருவோங்க. தந்தம் இல்லன்னு எப்படி எழுதறது? உலகத்துல தந்தம் இல்லாதது எவ்வளவோ இருக்குங்களே" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. அந்த நியாயத்தைக் கேட்டதும் எனக்கு அழுகையே வந்துவிடும்போல ஆகிவிட்டது. சேகர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார்.

அங்கிருந்து நேரே குடவாசலுக்குப் போனோம். கொட்டகையில் மல்லிகாவும் அந்த நாலு பெண்களும் வழக்கம்போல வேலை செய்துகொண்டிருந்தார்கள். விற்பதற்குக் கடை இல்லை, ஆனாலும் தண்டைச் சீவிக்கொண்டிருந்தார்கள். எங்கள் முகத்தைப் பார்த்ததுமே மல்லிகாவுக்குத் தெரிந்துவிட்டது. நாலு பேரில் மூத்தவர் அஞ்சலை, ஐம்பது வயதிருக்கும், அவர்தான் நடவு செட்டுக்குத் தலைவி. கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"ஏம்மா மல்லிகா, பண்ணைக்காரரு இன்னொரு தடவ ஆள் அனுப்பியிருக்காரு. நாளைக்குக் காலையில நாத்துப் பறி. நாங்க இங்க வரவா, அங்க போகவா? ஒன்னச் சொல்லிரு. கோவமெல்லாம் இல்ல, சொல்லிரு."

மல்லிகாவை முந்திக்கொண்டு நான் பேச ஆரம்பித்தேன். சந்தைக்காரர்களைத் திட்டினேன், அலுவலகத்தைத் திட்டினேன், புகார் கொடுத்தவனைத் திட்டினேன். அஞ்சலை கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அதெல்லாம் இருக்கட்டுங்க. தந்தத்தத் தண்ணியில போட்டா மெதக்குமா?" என்று கேட்டார்.

"மிதக்காது" என்றேன்.

"நெட்டி மெதக்கும்ல? தண்ணியில வளந்ததுதான? போட்டுக் காட்டிட வேண்டியதுதான?"

சொல்ல வெட்கமாக இருக்கிறது. இருபத்தெட்டு வருஷம் கேமரா பிடித்தவனுக்கு அது தோன்றவில்லை. படம் அழகாக இருக்கவேண்டும் என்ற ஒன்றைத் தவிர என் மண்டையில் வேறு எதற்கும் இடம் இருந்திருக்காது போல.

உடனே நான் பழைய ஆளாகிவிட்டேன். "சரி, ஒரு கண்ணாடித் தொட்டி ஏற்பாடு பண்ணுங்க. பின்னால வெள்ளைத் துணி கட்டணும். கார்ல லைட் இருக்கு" என்றேன். ஓர் ஓரமாக இருந்த சின்ன உடைந்த யானை ஒன்றைக் காட்டி, "இதப் போட்டு எடுத்துக்கலாம், நல்லது வீணாக வேணாம்" என்றேன்.

மல்லிகா அப்போதுதான் வாயைத் திறந்தார். "இல்ல சார். அந்தப் படத்துல இருக்கற அதே யானையத்தான் போடணும். வேற போட்டா வேறன்னு சொல்லிருவாங்க."

"பசை விட்டுப்போயிரும்மா."

"போகட்டும் சார்."

அலுவலகத்துக்கு எடுத்துப்போயிருந்த பெட்டியிலிருந்து யானையை வெளியே எடுத்தார். அதைச் செய்ய அவருக்குப் பதினெட்டு நாள் ஆகியிருந்தது. வாசலில் வெயிலில் ஒரு நீலப் பிளாஸ்டிக் டப்பில் தண்ணீர் நிரப்பினார்கள். தன்னுடைய போனைச் சேகரிடம் கொடுத்து, "நிறுத்தாம ஒரே இதா எடுங்க. நடுவுல கட் பண்ணாதீங்க" என்றார். நான் டப்பை நிழலுக்கு நகர்த்தலாம் என்று கிட்டே போனேன். தண்ணீரில் வீட்டுக் கூரையும் மின்கம்பியும் தெரிகிறது, அசிங்கமாக இருக்கும் என்றேன்.

"சார், நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்றார் மல்லிகா.

சும்மா இருந்தேன்.

முதலில் சந்தைக்காரர்களின் கடிதத்தில் இருந்த படத்தை இன்னொரு போனில் காட்டி, பக்கத்தில் யானையைப் பிடித்தார். பிறகு பசை ஒட்டிய விரல்களோடு அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிக் காட்டினார். சமையலறையில் இருந்த சின்னத் தராசில் வைத்தார். ஒரு வெங்காயத்தை வைத்தார். வெங்காயம் அதிகக் கனம். அப்புறம் யானையைத் தண்ணீரில் விட்டார். அது அம்பாரியோடு மிதந்து, காற்றில் மெதுவாகத் திரும்பி, டப்பின் விளிம்பில் போய் இடித்து நின்றது. அஞ்சலை பக்கத்திலிருந்து ஒரு முழு நெட்டித் தண்டை நீட்டினார். மல்லிகா அதைப் பாதி சீவி, பழுப்புத் தோலையும் உள்ளே இருந்த வெள்ளையையும் காட்டினார்.

அதோடு முடிந்தது என்று நினைத்தோம். மல்லிகா யானையைத் தண்ணீரிலிருந்து எடுத்து, பலகை மேல் வைத்து, கத்தியால் நடுவில் அறுத்தார். வாழைத்தண்டை அறுப்பதுபோலச் சத்தமில்லாமல் இரண்டாகப் பிரிந்தது. அறுத்த பக்கத்தைப் போனுக்கு முன்னால் நீட்டினார். உள்ளே பஞ்சுபோல வெள்ளை. பின்னால் நின்ற பெண்களில் ஒருத்தி "ஐயய்யோ" என்று சொன்னது அந்த வீடியோவில் இன்றைக்கும் கேட்கும். மல்லிகா வீடியோவைச் சந்தைக்காரர்களுக்கு அனுப்பினார். அனுப்பி முடித்தபிறகுதான் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

மறுநாள் மதியத்துக்குள் கடை திறந்துவிட்டது. மறுபரிசீலனைக்குப் பிறகு அனுமதிக்கப்படுகிறது என்று ஒரு வரி. மன்னிப்பெல்லாம் இல்லை. ரத்தான ஆர்டர்களில் பாதிக்கு மேல் திரும்ப வரவில்லை. நாலு பெண்களில் ஒருத்தி அன்று காலையே நாற்றுப் பறிக்கப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அஞ்சலையும் மற்ற இருவரும் வந்தார்கள். கொலு முடியும்வரை கொட்டகையில் வேலை இருந்தது. அடுத்த வருஷமும் இருந்தது.

இதிலிருந்து உங்களுக்குத் தொழில் பாடம் வேண்டுமென்றால் தருகிறேன். வாங்குகிறவர் கையில் எடுத்துப் பார்க்க முடியாது. அவருக்காக உங்கள் படம்தான் எடுத்துப் பார்க்க வேண்டும். எவ்வளவு பெரிது, எவ்வளவு கனம், எதில் செய்தது, யாருடைய கை செய்தது என்பதைப் படமே சொல்லவேண்டும். ஒரு படமாவது செய்தவரின் கையோடு இருக்கட்டும். பகல் வெளிச்சம் போதும். காபிக் கோப்பையை உள்ளே எடுத்துவையுங்கள். இதையெல்லாம் எந்த வகுப்பிலும் சொல்லிக்கொடுப்பார்கள். நான் இவ்வளவு எழுதியது இதற்காக மட்டும் இல்லை.

கடை திறந்த நாலாம் நாள் மறுபடி குடவாசலுக்குப் போனேன். தப்பு என்னுடையது என்பதை இன்னும் நான் வாய்விட்டுச் சொல்லியிருக்கவில்லை. சந்தைக்காரர்களைத் திட்டிய சத்தத்தில் அது அமுங்கிப்போயிருந்தது. மல்லிகா டீ கொடுத்தார். டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு, "என் படத்தாலதாம்மா இவ்வளவும். நெட்டிய நான்தான் தந்தமாக்கிட்டேன். மன்னிச்சிருங்க" என்றேன். சொல்லிவிட்டேன் என்று கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

மல்லிகா தலையைக் குனிந்தபடி ஒரு தண்டைச் சீவிக்கொண்டே சொன்னார்.

"தெரியும் சார். நீங்க எடுத்த அன்னைக்கே தெரியும். கேமராவுல காட்டினீங்கல்ல, அப்பவே எங்க வீட்டுக்காரரு எங்கிட்ட, 'இது நெட்டி மாதிரியே இல்லியே, வெளியூர்க்காரங்க வேற என்னமோன்னு நெனப்பாங்களே'ன்னாரு. எனக்கும் அப்படித்தான் பட்டுச்சு."

"அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா?"

கத்தி நின்றது. மல்லிகா சேகரைப் பார்த்தார். சேகர் வாசலைப் பார்த்தார்.

"நீங்க வந்ததுலேருந்து திட்டிக்கிட்டே இருந்தீங்க சார். கை வேணாம்னீங்க, சிலிண்டரு வேணாம்னீங்க, அந்தப் பொண்ணுங்கள வெளிய போகச் சொன்னீங்க. இதையும் சொன்னா நீங்க கோவிச்சுக்கிட்டு லைட்ட எல்லாம் கட்டிட்டுக் கெளம்பிருவீங்களோன்னு பயந்துட்டோம். எங்களுக்கு வேற யாரையும் தெரியாதுல்ல சார்."

அவர் குற்றம் சாட்டுகிற மாதிரியே சொல்லவில்லை. மழை வரும்போல இருந்தது, அதனால் துணியை எடுத்துவிட்டோம் என்பதுபோலச் சாதாரணமாகத்தான் சொன்னார். அதனால்தான் எனக்கு அவ்வளவு வலித்தது. லைட்டையும் வெல்வெட்டையும் குறை சொல்லிக்கொண்டு ஒரு வாரமாக மனதைத் தேற்றி வைத்திருந்தேன். தடுத்திருக்கக்கூடியவர்கள் இரண்டடி தள்ளித்தான் நின்றிருக்கிறார்கள். அவர்கள் வாயை அடைத்தது என் கோபம். பதினெட்டு நாள் உழைப்பைத் தன் கையாலேயே அறுத்தவர், அதற்குக் காரணமானவனுக்கு டீ போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து பழைய நோட்டை எடுத்தேன். நான் படமெடுத்துக் கொடுத்த கைவினைக்காரர்களின் நம்பரெல்லாம் அதில் இருந்தது. பொம்மை செய்கிறவர், விளக்குப் பட்டறைக்காரர், பாய் பின்னுகிற அம்மா, பட்டு நெய்கிறவர் என்று ஒவ்வொருவராகப் போன் செய்தேன். நான் எடுத்த படம் உங்கள் சாமான் மாதிரி இருந்ததா, ஏதாவது குறை பட்டதா, தைரியமாகச் சொல்லுங்கள், நான் எதுவும் நினைத்துக்கொள்ள மாட்டேன் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டேன். பதினோரு பேரிடம் கேட்டேன்.

பதினோரு பேரும், "அதெல்லாம் ரொம்ப நல்லா இருந்துச்சுங்க சார்" என்றார்கள்.